போர் தண்ணீர்க் கறைக்கு எலுமிச்சை உப்பு: பல வருடப் பழக்கத்தில் கண்டது

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே பெரும்பாடு. குழாய் முனை, ஷவர் துளை, பக்கெட்டின் உள்பக்கம், எங்கே பார்த்தாலும் வெள்ளையாக உப்பு ஏறிவிடும். கடலூரில் இந்தத் தொல்லை பல வீடுகளில் உண்டு. இதற்கு நான் பல வருடமாக நம்பி இருப்பது எலுமிச்சை உப்பைத்தான். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு பொட்டலம் வெகுநாள் வரும்.

நாம் உப்பு என்று சொன்னாலும் அந்தப் படிவில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட். அதனால்தான் சோப்புத்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. புளிப்பு பட்டால் கரையும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு போதும். ஷவர் தலையைக் கழற்றி அதில் போட்டால் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுவதுதான் அது. குமிழி நின்றதும் பழைய பல் பிரஷால் லேசாகத் தேய்த்தால் அடைத்த துளை திறந்துகொள்ளும். கழற்ற முடியாத குழாய்க்கு, அதே தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றி அரை மணி நேரம் விடுவேன். அதற்கு மேல் விட வேண்டாம், பளபளப்புப் பூச்சு மங்கும். ஹீட்டர் ராடை பிளக்கிலிருந்து எடுத்து, ஆறவிட்டு, படிவு ஏறிய சுருளை மட்டும் ஊறவைக்கலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சமையல் மேடை கடப்பா கல்லாக இருந்தால் எலுமிச்சை உப்போ வினிகரோ அதன்மேல் படவே கூடாது. கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்புக் கல் வகை. கறையைத் தின்னும் புளிப்பு கல்லையும் தின்னும். பட்ட இடம் வெளுத்து, சொரசொரப்பாகிவிடும். கிரானைட் என்றால் அவ்வளவு பயமில்லை.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் புளிப்பு உதவாது. அதற்கு வாஷிங் சோடா. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகளைக் கழற்றி, சூடான தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டு ஊறவிட்டால், கரண்டியால் சுரண்டியும் வராத பிசுக்கு கொழகொழவென்று இளகி வரும். கையுறை கட்டாயம், தோலை உரித்துவிடும். அலுமினியப் பாத்திரம், அலுமினிய இறக்கை எதையும் இதில் போடக் கூடாது, கறுத்துப் போகும்.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். நுரை பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் வேலை உண்டு.

தேவனாம்பட்டினம் பக்கம் கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது தீராத வேலை. லேசான துருவை எலுமிச்சை உப்புத் தண்ணீரில் தேய்த்து, கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினால் கொஞ்ச நாள் தாங்கும். உரிந்து வரும் துருவுக்கு இது போதாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தாக வேண்டும்.

மீன் கழுவிய சிங்க் நாற்றத்துக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் வீட்டுப் புளியே போதும். விளக்கைப் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவியதும் நன்றாகத் துடைத்துவிட வேண்டும், ஈரம் நின்றால் சீக்கிரமே கறுக்கும்.

கழிவறையில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று எலுமிச்சை உப்பு, வினிகர், கடை ஆசிட் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். ஒன்றைப் போட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவிவிட்டு, இன்னொன்றை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.