கந்தக ரியாக்டர் வாங்குவோர் கவனத்திற்கு: உரக் குருணையை நிரப்பி விற்கிறார்கள்

கடல்நீர் மீன்தொட்டியில் மீன் கழிவால் சேரும் நைட்ரேட்டைக் குறைப்பதற்காக, கந்தகம் நிரப்பிய ரியாக்டர் (தொட்டி நீரை உள்ளே செலுத்தி வெளியே எடுக்கும் மூடிய கலம்) ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். 'தூய கந்தகம்' என்று சொல்லி அவர் நிரப்பிக் கொடுத்தது பயிர்களுக்கு இடும் உரக் கந்தகம் என்பது, தொட்டி கலங்கி மீன்கள் இறந்த பிறகுதான் தெரியவந்தது. இதே பொருள் இன்னும் பலருக்கு விற்கப்படுகிறது என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

இந்த ரியாக்டரின் வேலை முழுவதும் கந்தகத்தின் மீது வளரும் ஒருவகை பாக்டீரியாக்களைச் சார்ந்தது. ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நீரில் அவை நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கந்தகத்தை சல்பேட்டாக மாற்றுகின்றன. நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்து வெளியேறுகிறது, உடன் அமிலமும் உருவாகிறது. அந்த அமிலம் தொட்டியின் காரத்தன்மையைக் குறைத்துவிடாமல் இருக்கவே, வெளிவரும் நீரை அரகோனைட் போன்ற சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த இரண்டாவது குழாய் வழியாகச் செலுத்துவார்கள். கந்தகம் நீரில் கரையாமல், உருக்குலையாமல் மணிமணியாகவே இருந்தால்தான் நீர் அவற்றினூடே சீராக ஓடும்.

உரக் கந்தகம் இதற்கு நேர்மாறான நோக்கத்தோடு செய்யப்படுவது. அதில் சுமார் 90 சதவீதம் கந்தகமும், மீதியில் பெரும்பகுதி பெண்டோனைட் என்ற களிமண்ணும் இருக்கும். ஈரம் பட்டதும் களிமண் உப்பி, குருணை பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. வயலுக்கு அது நல்ல பொருள்தான். ரியாக்டருக்குள் போனால் அதே குணம் சேறாகிறது. என் ரியாக்டரில் சில நாட்களிலேயே அடிப்பகுதி இறுகி, மறுசுழற்சி பம்ப் அடைத்துக்கொண்டது. நீர் ஓரிரு இடங்களில் மட்டும் வழிகண்டு ஓட, மற்ற இடங்களில் தேங்கி நின்றது. தேங்கிய நீரில் நைட்ரேட் தீர்ந்துபோனால் வேறு பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சிதைக்கத் தொடங்கி ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். மிகக் குறைந்த அளவிலேயே மீன்களைக் கொல்லக்கூடிய வாயு அது.

அழுகிய முட்டை நாற்றம் வந்ததும் விற்பனையாளரிடம் கேட்டேன். "பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், அப்படியே ஓடவிடுங்கள்" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். நாற்றம் வந்தால் வெளிவரும் நீரைத் தொட்டிக்குள் விடாமல் நிறுத்த வேண்டும். நைட்ரேட் முற்றிலும் தீர்ந்துவிடும் அளவுக்கு ஓட்டம் மெதுவாக இருக்கிறதா, நீர் எங்காவது தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் சொன்னபடி ஓடவிட்டதில் இரண்டு கோமாளி மீன்கள் இறந்தன, பவளங்கள் சுருங்கின.

அதற்கு முன்பே அவர் சொன்ன இன்னொரு பொய்யான விளக்கமும் உண்டு. தொட்டி நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் காட்டிய டெஸ்ட் கிட், ரியாக்டரிலிருந்து வரும் நீரில் அதைவிட அதிகமாகக் காட்டியது. "பாறைகளில் படிந்திருந்த நைட்ரேட்டை இழுத்து வெளியேற்றுகிறது" என்றார். உண்மை வேறு. தொடக்க வாரங்களில் பாக்டீரியாக்கள் வேலையைப் பாதியில் விடுவதால், நைட்ரேட் நைட்ரஜனாக மாறும் வழியில் இடையில் உருவாகும் நைட்ரைட் சேரும். பெரும்பாலான நைட்ரேட் டெஸ்ட் கிட்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரைட்டாக மாற்றி அதன் நிறத்தைத்தான் அளக்கின்றன என்பதால், சிறிதளவு நைட்ரைட் இருந்தாலும் அளவு பல மடங்கு உயர்ந்து தெரியும். எனவே நைட்ரைட்டைத் தனியாகச் சோதிக்காமல் அந்த எண்ணை நம்ப முடியாது. ஒரு வாரத்தில் நைட்ரேட் பூஜ்யமாகும் என்ற அவரது உறுதிமொழியும் நடக்காத ஒன்று: பாக்டீரியா நிலைபெறவே பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். பவளங்கள் உள்ள தொட்டியில் நைட்ரேட்டை முற்றிலும் இல்லாமல் ஆக்குவது விரும்பத்தக்கதும் அன்று.

பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார். 'பராமரிப்புக் குறை' என்பதே அவரது கடைசி வாதம்.

வாங்கவிருப்போர் குருணையில் சிலவற்றைக் கண்ணாடிக் குவளை நீரில் போட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். தூய கந்தக மணிகள் போட்டபடியே பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். களிமண் கலந்தவை உப்பி உதிர்ந்து நீரைக் கலக்கிவிடும். பையின் மேல் 90 சதவீதம் என்றோ, உரம் என்றோ அச்சிட்டிருந்தால் அதையும், பிரித்த பையிலிருந்து அள்ளித் தருவதையும் வாங்காதீர்கள். மறுசுழற்சி பம்பும் சுண்ணாம்புக் கற்களுக்கான இடமும் இல்லாத ரியாக்டரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்ப்பது நல்லது.

இத்தகைய குருணை நிரப்பிய ரியாக்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், முதலில் தொட்டிக்குத் திரும்பும் குழாயை எடுத்து ஒரு வாளியில் விடுங்கள். மின்சாரம் நின்று வந்திருந்தால் உள்ளே தேங்கிய நீரைக் கட்டாயம் வெளியே கொட்டிவிட வேண்டும். ரியாக்டரைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து காலி செய்யுங்கள். அடியில் படிந்த சேற்றைக் கலக்கும்போதுதான் வாயு அதிகமாக வெளிவரும்.