கண்டெடுத்த நகையை விற்று வெள்ளிக்கட்டி வாங்கினால் எங்கே எவ்வளவு கரையும்?

கையில் கிடைத்ததாலேயே நகை சொந்தமாகிவிடாது. பல நாடுகளில் போலீஸில் ஒப்படைத்து, சட்டம் சொல்லும் கெடுவுக்குள் உரியவர் வராவிட்டால்தான் எடுத்தவருக்கு உரிமை வரும். ஒப்படைத்ததற்கான ரசீது விற்கும்போதும் உதவும். மோதிரத்தின் உள்பக்கம் பெயரோ தேதியோ பொறித்திருந்தால் விற்கும் பேச்சே வேண்டாம், ஆளைத் தேடுங்கள்.

அடுத்தது தரம் பிரிப்பது. நகையில் பொறித்த எண் 916 என்றால் 22 கேரட் தங்கம், 750 என்றால் 18, 585 என்றால் 14, 375 என்றால் 9. 925 என்பது வெள்ளி. ‘ஜிபி’, ‘ஜிஎஃப்’ முத்திரை இருந்தால் மேல்பூச்சுதான். தங்க விலை கிடைக்காது. பலர் கோட்டைவிடுவது பிளாட்டினத்தில். 950 முத்திரையோடு, கறுக்காமல், அளவுக்கு மீறிக் கனக்கும் வெள்ளை மோதிரத்தை வெள்ளிக் குவியலில் போட்டுவிடுகிறார்கள். வெள்ளியின் அடர்த்தி 10.5, பிளாட்டினத்துக்கு 21.4. தண்ணீரில் மூழ்கவைத்து எடைபோட்டாலே குட்டு உடைந்துவிடும்.

விற்க மூன்று வழி. நகைக்கடையில் பணம் உடனே கையில் வரும். ஆனால் கல், அழுக்கு, பற்றவைப்பு என்று கழிப்பு ஏறிக்கொண்டே போகும். கல்லை முன்பே கழற்றி வாங்கிவிடுங்கள். நகையை உருக்கிச் சுத்திகரிக்கும் ஆலை பொதுவாகக் கூடுதலாகத் தரும், ஏனென்றால் உருக்கிப் பார்த்துச் சுத்த எடைக்குத்தான் கணக்குப் போடுகிறது. சிக்கல், சின்ன உருப்படிக்கும் அதே சோதனைக் கட்டணம். 5 கிராம் 750 மோதிரத்தில் சுத்தத் தங்கம் 3.75 கிராம்தான், கட்டணம் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நாலைந்து உருப்படி சேர்ந்த பிறகு அனுப்புவதே சரி. வீட்டிலேயே உருக்கிக் கட்டியாக்கி எடுத்துப் போகாதீர்கள். முத்திரை அழிந்துவிடும், வாங்குபவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

நல்ல கல், பெயர்பெற்ற தயாரிப்பாளர் முத்திரை, பழங்கால வேலைப்பாடு இருந்தால் மட்டும் நகையாகவே ஏலத்தில் விடலாம். அப்படிப்பட்டதை உரசிப் பார்க்கக்கூட வேண்டாம்.

இனி வாங்கும் பக்கம். கணக்குக்காக ஒரு எண்: நகையில் 100 மதிப்புள்ள தங்கம், ஆலை தருவது 90. உலோக விலைக்கு மேல் 15 சதவீதம் வைத்து வெள்ளி நாணயம் வாங்கினால் கையில் 78 மதிப்புள்ள வெள்ளி. 5 சதவீதம் மட்டும் கூட்டிய பெரிய கட்டி என்றால் 86. கடையில் 75க்கு விற்று அதே கட்டியை வாங்கினால் 71.4தான் தேறும். ஆக, நாணயமா கட்டியா என்று மண்டையை உடைப்பதைவிட எங்கே விற்கிறோம் என்பதே பெரிய கேள்வி. 78ஐ 100 ஆக்க, தங்கம் அசையாமல் நிற்க வெள்ளி 28 சதவீதம் ஏற வேண்டும். தங்கத்தை விற்காமலே வைத்திருப்பதும் ஒரு போட்டி வழிதான். அதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

மேப்பிள் லீஃப், பிரிட்டானியா, ஃபில்ஹார்மோனிக் போன்ற ஒரு டிராய் அவுன்ஸ் (31.1 கிராம்) நாணயங்களை எங்கும் எளிதில் விற்கலாம், தேவைப்படும்போது ஒன்றிரண்டாகவும் கழிக்கலாம். ஒரு கிலோ கட்டி 32.15 அவுன்ஸ். கிராமுக்குக் கூடுதல் விலை குறைவு, ஆனால் பாதியை வெட்டி விற்க முடியாது. கைக்கு வந்த 925 உருப்படிகளை விற்று, அந்தப் பணத்தில் 999 (சுத்த வெள்ளி) வாங்குவது வீண்வேலை. ஏற்கெனவே வெள்ளி இருக்கிறது. இரண்டு முறை கழிவு கொடுப்பானேன்? சில நாடுகளில் முதலீட்டுத் தங்கத்துக்கு இல்லாத மதிப்புக்கூட்டு வரி வெள்ளிக்கு உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடமும் ஒரு செலவு. தங்கம் வெள்ளியைப் போல் 80 மடங்கு விலை என்று வைத்தால், அதே மதிப்புக்கு வெள்ளி கிட்டத்தட்ட 147 மடங்கு இடம் அடைக்கும். பிவிசி உறையில் நாணயத்தை வைத்தால் பச்சைப் பிசின் படியும், ரப்பர் பேண்டு பட்டால் கறுக்கும். கெட்டியான அக்ரிலிக் குப்பியே நல்லது. கறுத்தாலும் பாலிஷ் போடாதீர்கள். கீறல் விழுந்தால் வெறும் உலோக விலைக்குத்தான் போகும்.