அடிக்கிற கையே அணைக்குது: பில்லி ஐலிஷ் புது ஆல்பம் முழுசா கேட்டாச்சு

ஒரு வாரமா வேற எதுவும் கேக்கல மக்களே. 2024 மே 17 வெள்ளிக்கிழமை வந்துச்சு, இன்னிக்கு அடுத்த வெள்ளி, நடுவுல எத்தனை தடவ முழுசா ஓட்டுனேன்னு எண்ணல, காலைல பஸ்ல ஒரு தடவ, நைட்டு லைட்ட அணைச்சிட்டு படுத்துக்கிட்டு ஒரு தடவன்னு வெச்சு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷோட மூணாவது ஆல்பம் இது, பேரு ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட், அதாவது என்ன பலமாவும் அடி மென்மையாவும் அடி, பத்தே பாட்டு, மொத்தமா முக்கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. தலைப்ப பாத்ததுமே எனக்கு எங்க பாட்டி சொல்ற ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ ஞாபகம் வந்துருச்சு. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல இருந்த ஒரு சிந்த் (சிந்தசைசர், மின்னணு இசைக்கருவி) சத்தத்தோட பேர தப்பா படிச்சதுல கெடச்ச தலைப்புன்னு அவளே பேட்டில சொல்லியிருக்கா, ஆனா கேட்டு முடிச்சா இத விட பொருத்தமா ஒரு பேரு இந்த பத்து பாட்டுக்கு வெக்க முடியாதுன்னு தோணுது.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், தயவுசெஞ்சு இத ஷஃபிள்ல கேக்காதீங்க. ஒண்ணாவது பாட்டுல ஆரம்பிச்சு பத்தாவது வரைக்கும் வரிசையா, முடிஞ்சா நல்ல ஹெட்ஃபோன்ல, ஒரே மூச்சுல கேளுங்க. ரிலீசுக்கு முன்னாடி ஒரு பாட்டு கூட தனியா விடல, இப்பல்லாம் ஆல்பம் வர்றதுக்குள்ள நாலு பாட்டு ரீல்ஸ்ல அடிபட்டு நைஞ்சு போயிருக்கும், இவ ஒண்ணையும் வெளிய விடல. இந்த பாட்டெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி, அதுல ஒரு குழந்தைய மட்டும் நடு ரூம்ல தனியா நிக்க வெக்க மனசு வரலங்கற மாதிரி சொன்னா. அப்ப எனக்கு கொஞ்சம் ஓவரா தெரிஞ்சுது, இப்ப கேட்டப்புறம் முழுசா ஒத்துக்குறேன், ஏன்னா நாலாவது பாட்டுல சொன்ன வார்த்தை பத்தாவது பாட்டுல வேற அர்த்தத்தோட திரும்பி வருது, மொத பாட்டுல வர்ற கூண்டுப் பறவை கடைசில மறுபடி வருது, கதவ தொறங்கற ஒரு வரி அங்கங்க தட்டிக்கிட்டே இருக்கு. அட்டைப்படத்துலயும் அதே கதவுதான், மேல தண்ணிக்கு மேற்பரப்புல வெள்ளைக் கதவு, கீழ அவ முழுகிக்கிட்டு இருக்கா. கம்ப்யூட்டர்ல ஒட்டுனதுன்னு நெனச்சேன், ஆனா நெசமாவே தண்ணித் தொட்டிக்குள்ள மணிக்கணக்கா இருந்து எடுத்த படம்.

புதுசா கேக்குறவங்களுக்காக கொஞ்சம் பின்கதை. லாஸ் ஏஞ்சலஸ்ல ஹைலாண்ட் பார்க்குன்னு ஒரு ஏரியா, அங்க ஒரு சின்ன வீடு, அண்ணன் ஃபினியஸ் தன்னோட பெட்ரூம்ல பாட்டு எழுதி ரெக்கார்ட் பண்ணுவான், தங்கச்சி கட்டில்ல உக்காந்து பாடுவா. 2015ல டான்ஸ் டீச்சர் கேட்டாங்கன்னு ஓஷன் ஐஸ் பாட்ட பாடி சவுண்ட்கிளவுட்ங்கற பாட்டு சைட்ல போட்டாங்க, அப்ப அவளுக்கு 13 வயசு. 2019ல மொத ஆல்பம், 2020 கிராமி இசை விருதுல நாலு பெரிய அவார்டையும் ஒரே ராத்திரில அள்ளிட்டா, 2021ல ரெண்டாவது ஆல்பம். நடுவுல பாண்ட் படத்துக்கு ஒரு பாட்டு, பார்பி படத்துக்கு ஒரு பாட்டு, ரெண்டுக்கும் ஆஸ்கர், ரெண்டாவது ஆஸ்கர் 2024 மார்ச்ல வாங்குனப்ப வயசு 22, அந்த வயசுல ரெண்டு ஆஸ்கர் வாங்குன ஆள் அதுக்கு முன்னாடி யாரும் கெடயாது. இத்தனைக்கும் அப்புறமும் இந்த ஆல்பத்தயும் அதே அண்ணன் தங்கச்சிதான் உக்காந்து எழுதியிருக்காங்க. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான், மொதமொத ஓஷன் ஐஸ் பாட்ட ஒரு இயர்ஃபோன் என் காதுலயும் இன்னொண்ணு தன் காதுலயும் வெச்சு கேக்க வெச்சவன் அவன்தான், அதனால இவங்க ரெண்டு பேர் மேல எனக்கு ஒரு தனிப் பாசம், அத மறைக்க விரும்பல.

இப்ப பாட்டுக்கு வர்றேன். ஸ்கின்னிங்கற பாட்டுல ஆரம்பிக்குது, ஒரு கிட்டார், பக்கத்துல உக்காந்து காதுல சொல்ற மாதிரி குரல். உடம்பு எளச்சதால நான் சந்தோஷமா இருக்கேன்னு ஊரே சொல்லுது, அப்ப பழைய நான் யாருங்கற கேள்விதான் பாட்டு. இன்டர்நெட்டுக்கு பசி, அதுவும் அடுத்தவன குத்திக் காட்டற காமெடின்னா இன்னும் பசின்னு ஒரு எடத்துல பாடுறா பாருங்க, 17 வயசுல இருந்து அவ உடம்ப பத்தி உலகமே பேசுனத பாத்தவங்களுக்கு அந்த வரி சுருக்குனு இருக்கும். கல்யாண வீட்ல ‘என்னடி எளச்சுட்ட’ இல்லன்னா ‘என்னடி ஊதிட்ட’ன்னு ரெண்டுல ஒண்ண கேட்டே வளர்ந்த எல்லாருக்கும் இந்த பாட்டு புரியும். கடைசில அட்டாக்கா குவார்டெட்டுங்கற வயலின் செல்லோ குழு வந்து சேருது, அந்த ஸ்ட்ரிங்ஸ் ட்யூன மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

அடுத்து லஞ்ச். பேஸ் கிட்டார் மட்டும் முன்னாடி நின்னு ஆட்டம் போடுது, ஒரு பொண்ணு மேல தனக்கு இருக்கற ஆசைய எந்த சுத்தி வளைப்பும் இல்லாம நேரா பாடுறா. துணிச்சல் பிடிச்சிருக்கு, பஸ்ல கேட்டா கால் தானா தாளம் போடுது, ஆனா பாட்டா பாத்தா இந்த பத்துல ரொம்ப நாள் என்கூட வரப்போற பாட்டு இது இல்ல.

சிஹிரோ ஆரம்பிச்சதும் தான் நிமிந்து உக்காந்தேன். ஜப்பான் டைரக்டர் மியாசாக்கியோட ஸ்பிரிட்டட் அவேங்கற அனிமேஷன் படம் பாத்தவங்களுக்கு பேரு புரிஞ்சிருக்கும், அப்பா அம்மாவ காப்பாத்த ஆவிகளோட குளியல் வீட்ல வேலைக்கு சேர்ற அந்த சின்னப் பொண்ணு சிஹிரோ. பேர பறிச்சிட்டா நீ யாருன்னே மறந்துடுவேங்கறதுதான் அந்த படத்துல இருக்கற பயம், அதே பயத்த இங்க ஒரு காதல் உறவுக்குள்ள கொண்டு வந்துருக்கா. அஞ்சு நிமிஷப் பாட்டு, பேஸ் ஒரே மாதிரி நடந்துகிட்டே இருக்கு, மேல சிந்த் அலை மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏறி ஏறி ஒரு கட்டத்துல தலைக்கு மேல வந்து மூடிடுது, அட்டைப்படத்துல தண்ணிக்குள்ள இருக்காளே அதுக்கு சத்தம் குடுத்தா இப்படித்தான் இருக்கும். சாதாரண மொபைல் ஸ்பீக்கர்ல இந்த அலை வராது, சொல்லிட்டேன்.

பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர், இனம் இனத்தோட சேரும்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே அதுதான் தலைப்பு. எண்பதுகள் சிந்த் வாசனையோட வெயில் அடிக்கற மாதிரி ஒரு ட்யூன், ஆனா வரிய கவனிச்சா சாகற வரைக்கும் கூடவே இரு, புதைச்சாலும் ஒண்ணா புதைங்கற அளவுக்கு போகுது. இத்தன சந்தோஷமான ட்யூன்ல சாவ பத்தி பாடுறது அவளுக்கே உரிய விஷயம். பின்பாதில குரல தூக்கி ஒரு எடத்துல நிறுத்துவா, மொத தடவ கேட்டப்ப பாடுறது அவதானான்னு ஸ்க்ரீன எடுத்து பாத்தேன். இந்த பாட்டு எல்லா எடத்துலயும் ஓடப் போகுது, டீக்கடை தவிர எல்லா எடத்துலயும் நாம இத கேக்கப் போறோம், எழுதி வெச்சுக்கங்க.

அடுத்த ரெண்டு பாட்டுக்காகத்தான் இத எழுதவே உக்காந்தேன். வைல்ட்ஃப்ளவர் கதை இதான்: ஒருத்தன விட்டு பிரிஞ்சு அழுதுகிட்டு இருந்த பொண்ணுக்கு தோள் குடுத்தது இவ, அப்புறம் அதே பையனோட சேர்றதும் இவ. தப்பு பண்ணுனேனா இல்லையான்னு தீர்ப்பு சொல்லல, அவன தொடும்போதெல்லாம் அந்த பொண்ணு நெனப்பு வந்து நடுவுல நிக்குதுன்னு மட்டும் சொல்றா. காதல் பாட்டுல விட்டுட்டுப் போனவங்க இருப்பாங்க, விடப்பட்டவங்க இருப்பாங்க, இந்த மூணாவது எடத்துல நிக்கற ஆளோட பாட்டு நான் ரொம்ப கேட்டதில்ல. எனக்கு தெரிஞ்ச ஒரு ஃப்ரெண்டு இதே எடத்துல ரெண்டு வருஷம் நின்னா, யார்கிட்டயும் சொல்ல முடியாம. அவளுக்கு லிங்க் அனுப்புனேன், ரிப்ளைல ஒரு வார்த்தையும் இல்ல, அரை மணி நேரம் கழிச்சு கால் பண்ணுனா, அழுதுகிட்டு இருந்தா. கிட்டார்ல ஆரம்பிச்சு நடுவுல ட்ரம்ஸ் சேர்றப்ப பாட்டு கனமாகுது பாருங்க, அங்க ஃபினியஸ் எதையும் ஜாஸ்தி போடாம விட்டிருக்கான், அந்த அடக்கம்தான் பாட்ட காப்பாத்துது.

தி கிரேட்டஸ்ட். வருஷக்கணக்கா அவள ‘கிசுகிசுக்கத்தான் தெரியும்’னு சொல்லிக்கிட்டு இருந்த எல்லாரும் இத கேக்கணும். உனக்காக எல்லாம் பண்ணுனேன், பண்ணுனத சொல்லிக் காட்டவும் இல்ல, உனக்கு தெரியவும் இல்லன்னு மூணு நிமிஷம் கிட்டத்தட்ட மூச்சுக்காத்துலயே பாடுறா, கிட்டார் மட்டும் கூட நடக்குது, சரி இப்படியே முடியப் போகுதுன்னு நெனக்கும்போது ட்ரம்ஸ் கிட்டார் எல்லாம் ஒரேயடியா எறங்குது, ட்ரம்ஸ் ஆண்ட்ரூ மார்ஷல்னு மேடைல அவளுக்கு வாசிக்கறவரு, குரல் தொண்டைய கிழிச்சுகிட்டு வெளிய வருது, அத்தன நாள் அடக்கி வெச்ச கோவம் மொத்தமும். கிச்சன்ல ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அம்மா கரண்டிய கீழ வெச்சுட்டு ‘யாருடி இந்தப் பொண்ணு, என்ன ஆச்சு அதுக்கு’ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் வரி ஒண்ணும் புரியல, விஷயம் புரிஞ்சிருச்சு. போன ஆல்பத்தோட தலைப்புப் பாட்டும் இதே மாதிரி அமைதில ஆரம்பிச்சு வெடிக்கறதுதான், அதனால பழைய ஃபார்முலான்னு சில பேர் சொல்றத பாத்தேன், அதுல எதிராளிய திட்டுனா, இதுல தன்னோட ஏமாளித்தனத்த நெனச்சு தானே கத்துறா, எனக்கு இது அத விட ஆழமா பட்டுது.

லாமூர் டு மா வீ பிரெஞ்சுல ‘என் வாழ்க்கையோட காதல்’. சாயங்கால ஹோட்டல்ல யாரோ வாசிக்கற மாதிரி சாவகாசமா மூணரை நிமிஷம் போயிட்டு திடீர்னு கதவ ஒடச்சுகிட்டு வேற பாட்டு உள்ள வந்துருது, வேகமான எலக்ட்ரானிக் பீட், குரல் முழுக்க ஆட்டோட்யூன். இந்த ரெண்டாவது பாதி கெடுத்துருச்சுன்னு எங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல பெரிய சண்டையே நடந்துச்சு. நான் அந்த பாதியோட பக்கம். மொத பாதில நான் உன்ன உண்மையா காதலிக்கலன்னு மென்மையா ஒத்துக்கறவ, அத சொல்லி முடிச்ச விடுதலைல ஆடாம என்ன பண்ணுவா? ராகமாலிகை கேட்ட காதுக்கு பாட்டு பாதில நெறம் மாறுறது ஒண்ணும் அதிர்ச்சி இல்லயே, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல முழுசா வேற ஊருக்கு போயிட்டு வர்ற இன்டர்லூட் கேட்டு வளர்ந்தவங்க நாம.

தி டைனர் ஒருத்தர பின்தொடர்ந்து தொல்லை குடுக்கற ஆளோட மனசுக்குள்ள இருந்து பாடுனது, சர்க்கஸ் மாதிரி கோணலான மியூசிக், கடைசில ஒரு ஃபோன் நம்பர கிசுகிசுக்கறா. அவளுக்கு நெசமாவே அப்படி ஆளுங்க தொல்லை இருந்துச்சு, அதனால அந்த பயம் பொய் இல்ல, ஆனா மொத ஆல்பத்துல இதவிட நல்லா இத பண்ணிட்டா. எனக்கு இந்த பத்துல பலவீனமான பாட்டு இது.

பிட்டர்ஸ்வீட்னு கேக்கறப்ப கசப்பும் இனிப்பும், ஸ்பெல்லிங்க பாத்தா பல பகுதிகள சேத்த இசைக்கோவைக்கு சொல்ற ஸ்வீட் (suite)ங்கற வார்த்தை, பாட்டும் அப்படியே மூணு துண்டா இருக்கு. தனியா கேட்டா நிக்காது, ஒத்துக்கறேன், ஆனா அது கடைசிப் பாட்டுக்கு எறங்கற படிக்கட்டு, முடியறப்ப வர்ற அந்த சிந்த்ல இருந்து நேரா ப்ளூக்குள்ள வழுக்கி விழுறோம்.

ப்ளூ. பழைய ரசிகர்களுக்கு இது பொக்கிஷம், ஏன்னா மொத பாதி ட்ரூ ப்ளூன்னு வருஷக்கணக்கா கெடந்து, வெளிய கசிஞ்ச பழைய டெமோ, நாங்க மோசமான குவாலிட்டில திருட்டுத்தனமா கேட்டுகிட்டு இருந்தது. அத தூக்கி எறியாம, இன்னொரு பழைய பாட்டோட சேத்து ஒட்டி கடைசில வெச்சிருக்கா. நடுவுல பாட்டு வேகம் கொறையறப்ப முன்னாடி கேட்ட ஒவ்வொண்ணா திரும்ப வருது, இனம் இனத்தோடன்னு நெனச்சேனே இப்ப வெக்கமா இருக்குங்கறா, பிரெஞ்சுல மன்னிப்பு கேக்குறா, கதவு வருது, கூண்டு வருது. ரெண்டாவது பாதில குரல் கீழ எறங்கி, அப்பாவோட திட்டங்களுக்கு பலியாகி பொறந்த ஒருத்தனுக்காக இரக்கப்படுது, உன்ன வெறுக்கல, ஆனா உன்ன காப்பாத்த என்னால முடியாதுன்னு. பத்து பாட்டுல இருந்த கோவமெல்லாம் இங்க வந்து கரையுது, அடிச்ச கை அணைக்கற எடம் இதுதான். அப்புறம் ஸ்ட்ரிங்ஸ், ஸ்கின்னில மனசுல வெச்சுக்க சொன்னேனே அதே ட்யூன், எனக்கு அந்த எடத்துல இன்னமும் மயிர்க்கூச்செறியுது.

எல்லாம் அடங்குனப்புறம், பாட்டா இல்லாம சும்மா பேச்சுக்குரல்ல, அடுத்தத எப்ப கேக்கலாம்னு ஒரே ஒரு கேள்வி. அதோட முடியுது. நான் ரிப்பீட்ல போட்டு வெச்சிருக்கறதால ரெண்டு செகண்ட்ல ஸ்கின்னி கிட்டார் மறுபடி ஆரம்பிச்சுடுது, எறங்க வேண்டிய ஸ்டாப் வர்ற வரைக்கும் நான் அத நிறுத்தறதில்ல.