குளிருக்குள் மறுகரை சேர ஒரு பழைய ஏர்ஸ்ட்ரீம் தாங்குமா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு ஏறக்குறைய 3,000 மைல். அரை நூற்றாண்டு வயதான டிரெய்லரை இழுத்துக்கொண்டு பனிக்கு முன் அதைக் கடக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது ஏர்ஸ்ட்ரீமைத்தான், அதாவது உருண்டையான அலுமினியக் கூடு கொண்ட, உள்ளே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள டிரெய்லரை. 1960, 70களில் செய்த வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டின் உறுதிக்கு நல்ல மதிப்பெண். அடிப்பகுதி, வாங்கிய நிலையிலேயே ஓட்டுவதென்றால், ஃபெயில். ஆக்சில், டயர், பிரேக் மூன்றையும் மாற்றிய வண்டி அழுக்காக இருந்தாலும் போய்ச் சேரும். முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்டு, ஆக்சிலைத் தொடாமல் விற்கிற வண்டிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. விலையைக் கூட்டுவதென்னவோ பாலிஷ்தான்.

இந்த வண்டிகளில் லீஃப் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் ஆக்சில். ஒரு குழாய்க்குள் தண்டு, தண்டைச் சுற்றி ரப்பர் கம்பிகள். சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டு திரும்பி ரப்பரை நசுக்கும், அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்ளும். 25, 30 வருஷத்தில் அந்த ரப்பர் இறுகிவிடுகிறது. வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றிருந்தாலும் இதுதான் கதி, சொல்லப்போனால் நின்ற வண்டியில் இன்னும் மோசம். “வெறும் 8,000 மைல்தான் ஓடியது” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் ஆக்சிலை இரண்டு முறை பாருங்கள்.

பார்ப்பது எளிது. டிரெய்லர் சமதரையில் நிற்கட்டும். படுத்து, ஆக்சில் குழாயிலிருந்து சக்கரத்துக்குப் பின்னோக்கிப் போகும் கையைக் கவனியுங்கள். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மட்டமாகவோ மேல்நோக்கியோ நின்றால் ரப்பர் செத்துவிட்டது. பிறகு வண்டியின் அடிச்சட்டத்தில் ஜாக் வைத்துத் தூக்குங்கள் (ஆக்சில் குழாயில் ஒருபோதும் வைக்காதீர்கள்). நல்ல ஆக்சிலில் சட்டம் எழும்ப எழும்ப சக்கரம் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகுதான் தரையை விடும். சட்டத்தோடு சேர்ந்தே சக்கரமும் எழுந்தால் அங்கே சஸ்பென்ஷனே இல்லை. ரோட்டின் ஒவ்வொரு குழியும் நேராகக் கூட்டுக்குப் போகும். ரிவெட் தெறிப்பது, அலமாரி ஸ்க்ரூ கழன்று தரையில் கிடப்பது, தரை போல்ட் தளர்வது எல்லாம் அதன் பலன்தான். மாற்று ஆக்சிலைப் பெரும்பாலும் ஆர்டர் வாங்கிய பிறகுதான் செய்வார்கள், வாரக்கணக்கில் ஆகும். எடைத் திறன், கையின் தொடக்கக் கோணம், சட்டத்தில் போல்ட் துளைகளுக்கு இடையிலான அளவு, மூன்றையும் எடுத்து ஜூன், ஜூலையிலேயே கொடுத்துவிட வேண்டும். புது டிரம்மும் பிரேக்கும் சேர்த்தே கேளுங்கள். பழைய டிரம்மைக் கடைந்து போடுவது வீண் வேலை.

அடுத்தது பின்புறத் தரை. சட்டத்துக்கும் கூட்டுக்கும் நடுவே ஒட்டுப்பலகை. பின் ஜன்னலிலும் விளக்கு ஓரங்களிலும் கசியும் தண்ணீர் அந்தப் பலகையில் போய் நிற்கும். அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்களே, பளபளக்கும் பல வண்டிகளின் வால் அப்படித்தான். பலகை அழுகி, போல்ட் பிடி விட்டதும், கூடு தனியாகவும் சட்டம் தனியாகவும் ஆடத் தொடங்கும். 1970களின் நீள வண்டிகள் இதற்குப் பேர் போனவை. ஒருவர் பின் பம்பர் மேல் ஏறிக் குதிக்கட்டும், இன்னொருவர் கூட்டின் கீழ் விளிம்பையே பார்க்கட்டும். பம்பர் இறங்கும்போது கூடும் கூடவே இறங்கினால் நல்லது. நடுவில் இடைவெளி வாய்பிளந்தால், பின்பக்கம் பாத்ரூம் உள்ள வண்டியில் அதைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது. செப்டம்பரில் இதைக் கண்டுபிடித்தால் அந்த வருஷப் பயணத்தை மறந்துவிடலாம்.

டயரில் பட்டன் தேய்மானத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம்தான் வயது: 3518 என்றால் 2018ன் 35வது வாரம். ஆறு வருஷம் தாண்டியதை மாற்றுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், அரை அங்குல ஸ்டட் என்றால் 90 முதல் 120 அடி-பவுண்டு. எலக்ட்ரிக் பிரேக்கில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரட்டை ஆக்சிலில் நான்கு காந்தத்துக்கும் சேர்த்து 12 வராமல் 8, 9 என்று மீட்டர் காட்டினால், குறை பெரும்பாலும் காந்தத்தில் இல்லை, துருப்பிடித்த வயர் இணைப்பிலும் எர்த்திலும்தான். கொக்கியில் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்கட்டும். கொக்கியின் சுமையை மற்ற ஆக்சில்களுக்கும் பகிர்ந்துவிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பாரை அந்த எடைக்கு ஏற்றபடியே வாங்குங்கள். 600 பவுண்டுக்கு 1,000 பவுண்டு பார் மாட்டினால் பழைய மெல்லிய சட்டத்துக்குத்தான் சேதம்.

கூட்டின் குறை குளிரில் வெளிவரும். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒன்றரை அங்குலம் கண்ணாடி இழை, தகடுகளை இணைக்கும் விலா எலும்புகளும் அலுமினியம். வெளிக்குளிர் அந்த விலா வழியாக உள்ளே வந்துவிடும், காலையில் ஒவ்வொரு விலாவின் மேலும் வரிவரியாக வியர்த்திருக்கும். புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டரோ அடுப்போ எரித்தால் இன்னும் மோசம்: ஒரு பவுண்டு புரொப்பேன் எரிய ஒன்றரைப் பவுண்டுக்கு மேல் நீராவி வரும். வண்டியைச் சூடாக்கும் அந்தக் காலத்து கேஸ் ஃபர்னஸின் வெப்பப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு படுக்கைக்கே வரும். அதைக் கழற்றிப் புதிது போடுங்கள், அந்த வாயுவைக் காட்டும் அலாரத்தையும் புதிதாகவே வாங்குங்கள். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு (வெப்ப அலகு). மணிக்கு 20,000 எரிக்கும் ஃபர்னஸுக்கு அது 21 மணி நேரம். உறைபனி இரவில் பாதி நேரம் எரியும் என்று வைத்தால் ஒரு சிலிண்டர் மூன்று நான்கு இரவு. அதற்குள் பேட்டரி கைவிடாமல் இருக்க, வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் ‘யூனிவோல்ட்’ என்ற பழைய கன்வர்ட்டரை மாற்றுங்கள். ஹம் என்று முனகிக்கொண்டே பேட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்து, உள்ளிருக்கும் நீரைக் காயவைத்துவிடும். வண்டியோடு வந்த பழைய சிலிண்டர்களில் மூன்று முனைக் கைப்பிடி இல்லையென்றால் யாரும் நிரப்பித் தரமாட்டார்கள். அந்தக் கைப்பிடி, அளவுக்கு மீறி நிரம்பாமல் தடுக்கும் வால்வின் அடையாளம்; 2002 ஏப்ரல் முதல் அந்த வால்வு கட்டாயம்.

தண்ணீர்க் குழாய் செம்பு. உறைந்தால் முழங்கை இணைப்பில் பிளக்கும், உருகும்போதுதான் தெரியும். வெப்பநிலை 32 ஃபாரன்ஹீட்டுக்கு (தண்ணீர் உறையும் நிலை) கீழே போகிற பகுதியில் நுழையும் முன்பே தண்ணீரை வடித்து, குழாய் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் ஏற்றிவிட்டு, குடிக்கச் சமைக்கக் கேனில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வாட்டர் ஹீட்டரைச் சுற்றிக் கடக்கவிடும் பைபாஸ் வால்வு இருந்தால் 2, 3 காலன் போதும், இல்லாவிட்டால் ஹீட்டர் மட்டுமே 6 காலன் குடிக்கும். சிங்க் வளைவுகளில் ஒரு கோப்பை ஊற்ற மறக்காதீர்கள். 1970களின் நடுப்பகுதிக்கு முந்தைய பல வண்டிகளில் சிங்க் நீருக்குத் தொட்டியே கிடையாது, நேராகத் தரையில் விழும். இன்றைய கேம்ப்கிரவுண்டில் அது செல்லாது, சக்கரம் வைத்த தொட்டி ஒன்று தேவை.

வழி? அக்டோபர் நடுவுக்குப் பிறகு ஐ-80, ஐ-70 என்ற இரண்டு நெடுஞ்சாலைகளையும் விடுங்கள். வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே அடிக்கும் காற்றில், எடை குறைந்த உயர வண்டிகளுக்கு ரோட்டையே மூடுவார்கள். ஏர்ஸ்ட்ரீமின் உருண்டை வடிவம் பக்கக் காற்றைக் கொஞ்சம் வழுக்கவிடும், ஆனால் காலியாக இழுத்தால் அதுவும் ஆடும். ஐ-70ல் வரும் கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில். ஐ-40 தெற்கு என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் 7,000 அடி காத்திருக்கிறது. இன்னும் தெற்கே போகும் ஐ-10 நீளம், சலிப்பு, ஆனால் இந்த வண்டிக்கு ஏற்றது. கிழக்கே பால்டிமோர் வழியாகத் தொடங்கினால் அங்குள்ள சுரங்கங்களில் 20 பவுண்டு சிலிண்டரோடு நுழைய முடியாது. கீ பாலம் 2024 மார்ச்சில் விழுந்துவிட்டதால் ஊரைச் சுற்றும் ஐ-695ன் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55 மைல்தான் வேகம். ஐ-80ல் வரும் டானர் கணவாய் வழியே போயே தீருவதென்றால், பனிக்காக டயரில் சங்கிலி கட்டச் சொல்லும் நாளில் பிரேக் உள்ள டிரெய்லரின் ஒரு ஆக்சிலுக்கும் சங்கிலி வேண்டும். அதன் டயர் அளவுக்குத் தனியாக ஒரு ஜோடி வாங்குங்கள், டிரக்குக்கு வாங்கியது பொருந்தாது.