விண்கல் பள்ளங்களைத் தேடுவோருக்குக் கூகுள் எர்த் ப்ரோ: ஒரு மதிப்பீடு

தொன்மையான குடியிருப்புகளுக்கு அருகே விண்கல் மோதிய தடயங்கள் உள்ளனவா என்று தேட விரும்புகிறவர் முதலில் நிறுவிக்கொள்ள வேண்டிய மென்பொருள், புவியின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும், 2015 முதல் கட்டணமின்றிக் கிடைக்கும் கூகுள் எர்த் ப்ரோதான் என்பது என் கருத்து. கைப்பேசிச் செயலியை விட்டுவிட்டு, கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் வடிவத்தை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

இதன் வலிமைக்குச் சிறந்த சான்று எகிப்தின் தென்கோடியில் இருக்கும் கமில் பள்ளம். மிலான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முன்னாள் காப்பாளரான வின்சென்சோ டி மிக்கேலே, 2008-இல் கூகுள் எர்த் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெறும் 45 மீட்டர் அகலமே உள்ள அந்த வட்டத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் இத்தாலிய, எகிப்திய அறிவியலாளர்கள் அங்கே சென்று ஆயிரக்கணக்கான இரும்பு விண்கல் துண்டுகளைச் சேகரித்தார்கள். மோதல் நிகழ்ந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்காது என்பது அவர்களது மதிப்பீடு. அந்த இடத்தை இன்று பெரிதாக்கிப் பார்க்கும் எவருக்கும், பள்ளத்திலிருந்து கதிர்களைப்போல் வெளியே சிதறிக் கிடக்கும் வெளிர்நிறக் கற்பொடி தெளிவாகவே தெரியும். மரமோ மழையோ இல்லாத பாலைநிலத்தில் இந்த மென்பொருளின் கூர்மை வியக்கத்தக்கது.

ஆனால் அதே கமில் பள்ளத்தின் குறுக்கே கோடு வரைந்து உயர வரைபடத்தைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். பல பகுதிகளில் உயரத் தரவு சுமார் 30 மீட்டர் இடைவெளியில் எடுக்கப்பட்டதாகவே இருப்பதால், 45 மீட்டர் பள்ளம் ஓரிரு புள்ளிகளுக்குள் அடங்கி மறைந்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியைப்போல 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்துக்கு இந்தக் கருவி அழகாக வேலை செய்கிறது. விளிம்பின் மேடும் உள்சரிவும் வரைபடத்தில் ஒழுங்காக எழுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள், கரையில் பழங்கோயில்களும் சூழ்ந்திருக்கும் லோனாரிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

காடு அடர்ந்த இடங்களில் இதை நம்பவே கூடாது. எஸ்டோனியாவின் சாரேமா தீவில் உள்ள ‘காலி’ (Kaali) என்ற பெயருடைய பள்ளம் 110 மீட்டர் அகலமுடையது. பழங்காலத்தில் அதைச் சுற்றிக் கல்மதில் எழுப்பியிருக்கிறார்கள். 1937-இல் இவான் ரெயின்வால்ட் விண்கல் துண்டுகளைக் கண்டெடுத்து, அது விண்கல் மோதி உண்டானதுதானா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார். இவ்வளவு சிறப்புடைய இடம் மேலிருந்து பார்க்கும்போது மரங்களுக்கு நடுவே ஒரு குளமாக மட்டுமே தெரிகிறது. அங்கே மரக்கிளைகளை ஊடுருவித் தரையை அளக்கும் லைடார் படமே பயன்படும்.

நான் மிகவும் மதிப்பது பழைய படங்களை ஆண்டுவாரியாகக் காட்டும் வசதியைத்தான். தெற்கு ஈராக்கின் சதுப்புநிலத்தில், பண்டைய சுமேரியர் வாழ்ந்த பகுதியில், 3.4 கிலோமீட்டர் அகலமுள்ள உம்முல் பின்னி என்ற ஏரி இருக்கிறது. அது விண்கல் பள்ளமாக இருக்கலாம் என்று 2001-இல் புவியியலாளர் சரத் மாஸ்டர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு முன்மொழிந்தார். இன்றுவரை அது உறுதியாகவில்லை. 1990-களில் நீர் வடிக்கப்பட்டு, 2003-க்குப் பின் மீண்டும் நீர் பாய்ந்த அந்நிலத்தை ஒரே ஒரு படத்தை வைத்து யாரும் படித்துவிட முடியாது. காலக்கோட்டை நகர்த்தி, நீர் வற்றியபோதும் நிறைந்தபோதும் விளிம்பு எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

இந்த மென்பொருளால் ஒருபோதும் செய்ய முடியாத வேலை, வட்டத்தின் பிறப்பைச் சொல்வது. மொரிட்டானியாவின் ரிசாட் அமைப்பு சுமார் 40 கிலோமீட்டர் அகலத்தில், அடுக்கடுக்கான வளையங்களோடு, எவரையும் விண்கல் பள்ளம் என்று எண்ணவைக்கும். கற்காலக் கருவிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆனால் அது நிலத்துக்கு அடியிலிருந்து மேலெழும்பிப் பின் அரிக்கப்பட்ட பாறைக்குவிமாடம். குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள லூனா பள்ளம் இதைவிட நுட்பமான சிக்கல். அது இரும்பு விண்கல் மோதி உண்டானதாக இருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் சான்றாகக் காட்டப்பட்ட உஸ்டைட், கிர்ஷ்டைனைட் போன்ற கனிமங்கள் இரும்பை உருக்கும் உலைக் கசடிலும் உருவாகக்கூடியவை. மனிதர் நெடுங்காலம் வாழ்ந்த இடங்களில் கிடைக்கும் கருங்கட்டி வானிலிருந்து வந்ததா, கொல்லன் உலையிலிருந்து வந்ததா என்பதை மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகாமல் அறிய வழியில்லை. மோதலின் அழுத்தத்தால் அதிர்ச்சிக்குள்ளான குவார்ட்ஸ் கனிமத் துகள், அதே அழுத்தத்தால் உண்டாகும் கூம்புவடிவப் பாறைப்பிளவு, விண்கல் துண்டு ஆகியவற்றில் ஒன்றாவது கையில் கிடைக்கும்வரை, திரையில் தெரியும் வட்டத்தை ஐயத்துக்குரிய அமைப்பு என்று மட்டுமே குறிப்பிட வேண்டும்.

ஆகவே புவியியல் மாணவர்களுக்கும், தொல்லியல் ஆர்வலர்களுக்கும் இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஐயத்துக்குரிய இடங்களைக் குறியிட்டுக் கோப்பாகச் சேமித்து, ஒவ்வொன்றின் கீழும் படம் எடுக்கப்பட்ட தேதியையும் அளந்த அகலத்தையும் எழுதிவைத்தால், களத்துக்குச் செல்லும் புவியியலாளருக்கு அதை அப்படியே கொடுத்துவிடலாம்.