ரோலிங் ஸ்டோன்: பையன்கள் பேச, பெண்கள் போஸ் கொடுத்த பத்திரிகை

ரோலிங் ஸ்டோன் வாங்கலாமா, சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துக்காகத் தாராளமாக வாங்கலாம். ஒரு பாடகரோடு நாள்கணக்கில் கூடவே இருந்து, அவர் சாப்பிடுவது, எரிந்து விழுவது, யோசிப்பது எல்லாவற்றையும் பார்த்து எழுதும் நீளமான பேட்டிகள் இன்றைக்கும் இதில் வருகின்றன, அதில் இதை அடித்துக்கொள்ள வேறு இசைப் பத்திரிகை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வீட்டில் பதினைந்து பதினாறு வயதில் கிடாரும் கையுமாக ஒரு பெண் இருந்து, அவளுக்காக வாங்குகிறீர்கள் என்றால் பழைய கட்டுரைகளை அவளோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இதைத் தொடங்கியபோது யான் வென்னருக்கு வயது 21. கூட இருந்தவர் ரால்ஃப் கிளீசன் என்ற மூத்த விமர்சகர். முதல் இதழின் அட்டையில் ராணுவத் தொப்பியோடு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன். ராக் இசையைப் பிள்ளைகளின் கூச்சல் என்று பெரியவர்கள் ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதைக் கேட்கிற தலைமுறைக்கு அரசியல் உண்டு, கோபம் உண்டு, சொந்த புத்தி உண்டு என்று நம்பி எழுதிய பத்திரிகை இது. பின்னால் திரைப்பட இயக்குநரான கேமரன் குரோ பதின்ம வயதிலேயே இதற்கு எழுத ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பையனை நம்பிப் பக்கங்களைக் கொடுத்தார்களே, அதை இன்றைக்கும் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் அந்த 'இளைஞர்' என்ற சொல்லுக்குள் பெண்கள் வரவே இல்லை. பீட்டில்ஸை பீட்டில்ஸ் ஆக்கியது யார்? தொண்டை கிழியக் கத்திய பள்ளிக்கூடப் பெண்கள்தானே? அவர்கள் ரசனையில் பிறந்த குழுவைத் தூக்கி அட்டையில் வைத்தார்கள், அந்தப் பெண்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். 1969 பிப்ரவரியில் பெண்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் போட்டார்கள், அதுவும் இசைக்குழுக்களின் பின்னால் போகும் 'குரூப்பி' பெண்களைப் பற்றி. புகைப்படக்காரர் பாரன் வோல்மன் எடுத்த படங்கள் உண்மையிலேயே அழகானவை, அந்தப் பெண்களின் உடையிலும் நிற்கும் தோரணையிலும் ஒரு கம்பீரம் இருக்கிறது. இருந்தும் அவர்கள் அந்த இதழுக்குள் வந்தது எந்தப் பாடகரோடு பழகினார்கள் என்ற கணக்கில்தான்.

சரி, பாடுகிற பெண்ணாவது தப்பித்தாரா என்றால் அதுவும் இல்லை. 1971-இல் ஜோனி மிட்செலுக்கு ஆண்டின் சிறந்த 'துணைவி' என்ற அர்த்தத்தில் கேலிப் பட்டம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவர் யார் யாரைக் காதலித்தார் என்று கோடு போட்டு வரைபடமே வெளியிட்டார்கள். தானே எழுதி, தானே இசையமைத்து, கிடாரின் தந்திகளைத் தன் இஷ்டத்துக்குச் சுருதி மாற்றி வாசித்த ஒரு கலைஞருக்குக் கிடைத்த மரியாதை அது! காதல் எண்ணிக்கையை வைத்து ஒரு ஆண் பாடகருக்கு இப்படிப் பட்டம் கொடுத்திருப்பார்களா? மிட்செல் அதன்பின் பல வருடம் இந்தப் பத்திரிகையோடு பேசவில்லை. 1979-இல்தான் பேட்டி கொடுத்தார், எடுத்தவர் அதே கேமரன் குரோ.

இந்தப் பத்திரிகையைப் புரிந்துகொள்ள நான் எல்லோருக்கும் சொல்வது, இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதுதான். முதலாவது 1972 மே மாத அட்டை. தொலைக்காட்சித் தொடரால் சின்னப் பெண்களின் கனவு நாயகனாகியிருந்த டேவிட் காசிடி, 22 வயது, ஆடையில்லாமல் போஸ் கொடுத்திருக்கிறார். படம் எடுத்தது ஆனி லீபோவிட்ஸ், கட்டுரை எழுதியது ராபின் கிரீன், இரண்டு பேரும் பெண்கள். காசிடிக்கு அந்தச் சாக்லேட் பையன் பிம்பம் சலித்துவிட்டது, அதை உடைக்க வேண்டும் என்று விரும்பித்தான் போஸ் கொடுத்தார், கட்டுரையும் அவருடைய களைப்பையும் எரிச்சலையும் அவர் வாயாலேயே சொல்ல விடுகிறது. இரண்டாவது 1999 ஏப்ரல். பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ், வயது 17, லூசியானாவில் அவருடைய சொந்த வீட்டில் டேவிட் லாஷபெல் எடுத்த படம். கையணைப்பில் டெலிட்டப்பி என்ற குழந்தைகள் தொடரின் பொம்மை, காதில் தொலைபேசி, மற்றதெல்லாம் வளர்ந்த ஆண்கள் பார்ப்பதற்கென்றே அமைத்தது. அட்டை வாசகமே அவர் படுக்கையறைக்குள் கூட்டிப்போவதாகச் சொல்கிறது. குழந்தை என்று ஒரு கையால் காட்டி, குழந்தை இல்லை என்று மறுகையால் காட்டும் இந்தத் தந்திரம் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அந்த அறையில் இருந்த பெரியவர்களில் ஒருவருக்காவது வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லையா? காசிடிக்கு அந்த அட்டை தன் பிம்பத்திலிருந்து வெளியே வரும் வழி. ஸ்பியர்ஸை அதே மாதிரி ஒரு அட்டை பிம்பத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டியது.

இருபது வருடம் கழித்து, 2019-இல், பாடகி பில்லி ஐலிஷ் அட்டைக்கு வருகிறார். அவருக்கும் அப்போது 17 தான். இந்தக் கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். அப்பா அம்மா இருக்கும் வீடு, நடனத்தில் அடிபட்டது, அதைத் தொடர்ந்து வந்த மன அழுத்தம், பாட்டு எப்படி உருவாகிறது என்று எல்லாமே அவர் சொல்லச் சொல்ல வருகிறது. பத்திரிகை மாறியதா, காலம் மாறியதா, அந்தப் பெண்ணே தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாரா என்றால், மூன்றும் என்றுதான் சொல்வேன், அதில் மூன்றாவதுக்குப் பங்கு அதிகம்.

2017-இல் வந்த பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் பேட்டியும் நல்ல பேட்டி. பதின்ம வயதுப் பெண்களின் இசை ரசனையை எதற்கு மட்டம் தட்டுகிறீர்கள், பீட்டில்ஸைக் கொண்டாடியது அவர்கள்தானே என்று அதில் கேட்கிறார். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல ஐம்பது வருடமும் ஒரு ஆண் நட்சத்திரமும் தேவைப்பட்டதை நினைத்தால் வருத்தமாகவும் இருந்தது.

2014 நவம்பரில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவிக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட கூட்டுப் பாலியல் வன்முறை பற்றிய கட்டுரையையும் விட்டுவிட முடியாது. அடிப்படைச் சரிபார்ப்பே நடக்கவில்லை என்று கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளியின் அறிக்கை சொன்னது, 2015 ஏப்ரலில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பெண்கள் பக்கம் நிற்கிறோம் என்று எழுதி, உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களையும் யாரும் நம்பாத நிலைக்குத் தள்ளுவது எவ்வளவு பெரிய கொடுமை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் சட்டென்று ஞாபகம் வருவது இந்தியப் பதிப்பின் 2021 ஆகஸ்ட் அட்டையால் இருக்கும். பாடகி தீயும் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடிய பாடகர் அறிவு அதில் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு இணைய அட்டை வந்தது. அது சாதி பற்றிய கேள்வி, பாலினம் பற்றியது இல்லை. ஆனாலும் அட்டையில் இருப்பவரைப் பார்க்கும்போதே இல்லாதவர் யார் என்றும் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு அப்போதுதான் வந்தது.

வென்னருக்கு அந்தப் பழக்கம் கடைசி வரை வரவில்லை. 2023 செப்டம்பரில், ஏழு ராக் ஜாம்பவான்களின் பேட்டித் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார், ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். நியூயார்க் டைம்ஸ் ஏன் என்று கேட்டதற்கு, பெண்கள் யாரும் அந்த அறிவுத் தளத்தில் தெளிவாகப் பேசுபவர்களாக இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார், கறுப்பினக் கலைஞர்களைப் பற்றியும் அதே தொனி. மறுநாளே, ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார், மன்னிப்பும் கேட்டார். பத்திரிகையை விட்டு அவர் முன்பே போய்விட்டார், ஆனால் அத்தனை வருடம் யாருக்குப் பக்கம், யாருக்குப் படம் என்று முடிவு செய்தது அந்த மனசுதானே.

பத்திரிகை இப்போது பென்ஸ்கி மீடியா என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது, 2018-இல் மாத இதழாக மாறியது. தாள், அச்சு, படங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. பட்டியல்களில் மாற்றம் நன்றாகத் தெரிகிறது. 2003-இல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களில் முதல் பத்தில் ஒரு பெண்கூட இல்லை, ஜோனி மிட்செலின் 'புளூ' 30-ஆவது. 2020-இல் பியான்சே, டெய்லர் ஸ்விஃப்ட், ஐலிஷ் போன்றவர்களும் சேர்ந்து புதிதாக வாக்களித்தபோது அதே ஆல்பம் 3-ஆவது, லாரின் ஹில் 10-ஆவது. 2011-இன் நூறு கிடார் கலைஞர்களில் இரண்டே பெண்கள், மிட்செலும் பானி ரெய்ட்டும். 2023 பட்டியலை 250 பேராக விரித்தபோது சிஸ்டர் ரொசெட்டா தார்ப் நேராக 6-ஆம் இடத்தில். அவர் 1973-இலேயே இறந்துவிட்டார், நடுவில் ஒரு சுரம்கூடப் புதிதாக வாசிக்கவில்லை.

கிடார் வாசிக்கும் அந்தப் பெண்ணுக்கு முதலில் ஐலிஷ் கட்டுரையையும் இந்த 2023 பட்டியலையும் கொடுங்கள், தார்ப் மேடையில் வாசிக்கும் வீடியோவையும் கூடவே போட்டுக் காட்டுங்கள். பழைய கட்டுரைகள் பல இணையதளத்திலேயே கிடைக்கின்றன, அவற்றை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.