‘6 கிலோ’ என்று விற்கப்படும் உலையில் லேத் பாகங்களை வார்த்துப் பார்த்தபோது

சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றின் பாகங்களை வீட்டிலேயே அலுமினியத்தில் வார்ப்பதற்காக, எரிவாயுவில் இயங்கும் உலைத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். உலை, பர்னர், உலோகத்தை உருக்கும் பாத்திரமான கிராபைட் மூசை, இடுக்கி, ஒரு பை வார்ப்பு மணல் ஆகியவை அதில் இருந்தன. சுழலும் தண்டைத் தாங்கும் ஹெட்ஸ்டாக், எதிர்முனையில் நிற்கும் டெயில்ஸ்டாக், வெட்டும் கருவியை நகர்த்தும் கேரியேஜ் ஆகிய மூன்றும் இந்த உலையில் உருவாகிவிட்டன. அவை உட்காரவேண்டிய நீண்ட அடிப்பாகமான ‘பெட்’ என்பதை மட்டும் வார்க்க முடியவில்லை.

காரணம் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் ‘6 கிலோ’ என்ற எண். அது செம்புக்குரிய கணக்கு என்பதை உள்ளேயிருக்கும் துண்டுத்தாளைப் படித்த பிறகே அறிந்தேன். உருகிய செம்பு லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ எடையுள்ளது. உருகிய அலுமினியமோ 2.4 கிலோவுக்கு மேல் போவதில்லை. மூசை ஈரத்தை உறிஞ்சும் என்பதால் தண்ணீருக்குப் பதிலாக உலர்ந்த மணலை நிரப்பி அளந்தேன். விளிம்பு வரை 750 மில்லி பிடித்தது. விளிம்பு வரை நிரப்பிய மூசையைத் தூக்கி ஊற்ற முடியாது. முக்கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு முறைக்கு 1.35 கிலோ அலுமினியம்தான் கிடைக்கும். மணலில் அச்செடுக்கப் பைன் மரத்தில் நான் செய்த பெட் மாதிரியின் எடை 420 கிராம். அலுமினியத்தில் அது ஐந்து மடங்குக்குச் சற்று மேலாக, அதாவது 2.2 கிலோ அளவில் வரும்; உலோகம் ஓடும் வாய்க்கால், சுருக்கத்தை ஈடுசெய்யும் ரைசர் இரண்டையும் சேர்த்தால் 3 கிலோவைத் தாண்டும். இரண்டு தவணையாக ஊற்றினால் முதல் பகுதி இறுகிவிடும், இரண்டும் ஒட்டாது. எனவே, நண்பர் ஒருவரின் பெரிய உலையை நாடவேண்டியதாயிற்று.

இதை விட்டுவிட்டுப் பார்த்தால், உலை நல்ல உலை. பர்னரின் வாய் சற்றுச் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் சுடர் மூசையின் மீது நேராக அடிக்காமல் அதைச் சுற்றிச் சுழல்கிறது. முதல் உருக்கலுக்கு இருபது நிமிடங்கள் ஆயின. உலை சூடேறிய பின் பன்னிரண்டு போதும். ஆனால் உட்புறத்துச் செராமிக் பஞ்சுக்கு எந்தப் பூச்சும் இல்லை. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குத் தீங்கானவை என்பதால், நல்ல முகக்கவசம் அணிந்து, வெப்பம் தாங்கும் சிமென்ட்டைப் பூசி உலரவிட்ட பின்னரே பற்றவைக்க வேண்டும். இந்த வேலையை வாங்குபவர் தலையில் கட்டியிருப்பது சரியல்ல.

முதல் ஹெட்ஸ்டாக் வீணானதற்கு உலையைக் குறை சொல்ல மாட்டேன். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 720 டிகிரியை ஒட்டி ஊற்றிவிடலாம். நானோ அச்சுப்பெட்டியைச் சரிசெய்துகொண்டே உருகிய அலுமினியத்தை நெடுநேரம் உலையில் காயவிட்டேன். சூடு ஏற ஏற அது ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு, இறுகும்போது வெளிவிடும். பேரிங் உட்காரும் துளையைக் கடைந்தபோது உட்சுவர் முழுவதும் ஊசித்துளைகள். மறுமுறை பழைய பிஸ்டன்களை உருக்கி, கசடை வழித்தெடுத்து, தாமதிக்காமல் ஊற்றினேன். துளை கண்ணாடிபோல் வந்தது. குளிர்பானக் கேன்களை உருக்க நினைப்பவர்கள் கசடைத்தான் மிகுதியாகப் பெறுவார்கள்.

தொகுப்போடு வந்த மணலைப் பயன்படுத்தாதீர்கள். அது பருமனாக இருப்பதால் வார்ப்பின் முகம் தோசைக்கல் போலாகிறது. நுண்மணலோடு எடையில் 8 சதவீதம் பெண்டோனைட் என்னும் களிமண்ணைக் கலந்து, கையில் பிடித்து முறித்தால் உதிராமல் இரண்டாக உடையும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கினேன். கேரியேஜின் பக்கங்களை அரம் தொடவேண்டியிருக்கவில்லை.

இடுக்கிதான் இந்தத் தொகுப்பின் மிக மோசமான பொருள். அது மூசையின் விளிம்பை மட்டுமே கவ்வுகிறது. விளிம்பு உடைந்தால் உருகிய உலோகம் முழுவதும் காலடியில். தரை கான்கிரீட்டாக இருந்தால் அதிலுள்ள ஈரம் ஆவியாகி, உலோகத்தோடு சில்லுகளையும் தெறிக்கவிடும். வயிற்றுப் பகுதியை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் இடுக்கி ஒன்றை இரும்புப் பட்டையில் நானே செய்துகொண்டேன். பெட்டியில் வந்தது இப்போது மணல் கிளற உதவுகிறது.